எதுவும் வளரவில்லை

ஸ்கைத்ரீதே வானகா,
உங்கள் முகத்தை நான் பார்த்ததில்லை.
குப்பியில் ஒட்டிய சீட்டைத்தான் தெரியும்:
பெண், அறுபத்தொரு வயது,
காய்ச்சல் பதினாறு நாளாக,
இதயத்தில் செயற்கை வால்வு, வைத்து ஏழு மாதம்.

ரீகாவில் பிப்ரவரி.
டௌகவா உறைந்து கிடந்தது.
என் அலமாரிக்குள் மட்டும் முப்பத்தைந்து டிகிரி.
உங்கள் ரத்தம் அதில் அசைந்துகொண்டிருந்தது.
தொட்டில் என்று சொல்ல மாட்டேன்,
உள்ளே வளர்வதைத் தாலாட்டுவதுதான்
என் வேலை என்றாலும்.

அதிகாலை மூன்று பத்துக்கு முதல் குப்பி கூவியது.
ஒரு சொட்டு, கண்ணாடிச் சில்லு, ஊதாச் சாயம்.
நுண்ணோக்கியின் அடியில்
கொத்துக் கொத்தாய்த் திராட்சை.
தோலில் குடியிருக்கும் சாதுப் பிராணி.
என் தோலிலும் உண்டு, குன்டார்ஸ் தோலிலும்,
ஊசி குத்திய தாதியின் விரலிலும்.
ஆயிரம் முறை எழுதிய வரியையே
இன்னொரு முறை எழுதினேன்:
தோலிலிருந்து வந்த மாசாக இருக்கலாம்.
எழுதிவிட்டுக் காபி போட்டேன்.

அந்தக் காபியை இன்னும் குடித்து முடிக்கவில்லை.

ஐந்தரைக்கு இரண்டாவது குப்பி.
ஆறேகாலுக்கு மூன்றாவது,
அது இடக்கை ரத்தம்.
ஒரு கதவில் நின்றால் வழிப்போக்கன்.
மூன்று கதவையும் உள்ளிருந்து திறப்பவன்
வீட்டுக்காரன்.

தொலைபேசியில் டாக்டர் ப்ரூவெரிஸ்
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, கேட்காமலே சொன்னார்:
டிராம் ஓட்டுகிறவர்.
நெஞ்சு டிக் டிக்கென்பது பயணிக்குக் கேட்டால்
இண்டிகேட்டர் என்று சொல்லிவிடுவாராம்.
நேற்றிலிருந்து அந்த டிக் மங்கிவிட்டது.

வான்கோமைசின், சொட்டுச் சொட்டாக.
ஜென்டாமைசின், சிறுநீரகத்தின் அனுமதி கேட்டுக் கேட்டு.
சில நாள் கழித்து ரிஃபாம்பிசின்.
அது வியர்வையை, கண்ணீரைக்கூட
ஆரஞ்சாக்கிவிடும்.
நீங்கள் அழுதீர்களா, தெரியாது.
உங்கள் சிறுநீர்க் குப்பி
அந்தி நிறத்தில் வந்தது.

சதைக்குள் ரத்தம் போகும்,
ரத்தத்தோடு மருந்தும் போகும்.
வால்வை ரத்தம் உரசிக்கொண்டு போகும்,
அவ்வளவுதான்.
அந்தக் கறுப்புத் தகட்டில் அவை
கோந்து பூசிக் கூடு கட்டி
கூரைமேல் மருந்து பெய்வதைக்
கேட்டுக்கொண்டு இருந்தன.

பதினோராம் நாள்
தைத்த இடத்திலேயே மறுபடி திறந்தார்கள்.
வளையத்தின் அடியில் சீழ் என்று தாளில் இருந்தது.
மதியம் ஒரு ஜாடி வந்தது.

ஐம்பது சென்ட் நாணயம் அளவு.
இரண்டு கறுப்பு இமைகள்,
ஓரத்தில் பாசி போல் ஏதோ.
எத்தனை கோடித் தடவை திறந்து மூடியிருக்கும்,
வளைவுகளில், நிறுத்தங்களில்,
நீங்கள் தூங்கும்போது.
இடுக்கியால் தொட்டேன்.
இமை மூடியது.
டிக்.
குன்டார்ஸ் திரும்பிப் பார்த்தான்.
இண்டிகேட்டர், என்றேன்.

அப்புறம் ஆறு வாரம்.
எங்கள் அறையில் நற்செய்திக்குச் சத்தம் கிடையாது.
குப்பி கூவாமல் கிடக்க வேண்டும்,
ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள்.
கடைசிச் சீட்டில் எழுதினேன்:
எதுவும் வளரவில்லை.
விதைத்த எவரும்
இப்படி மகிழ்ந்திருக்க மாட்டார்.

மே மாதம். ஆறு ஓடுகிறது.
பாலத்தின் மேல் டிராம்.
கண்ணாடித் தடுப்புக்கு அப்பால்
நரைத்த பின்னல், சட்டைக் காலருக்குள்
பாதி தெரியும் தழும்பு, அல்லது சங்கிலி.
புதிய வால்வு மாட்டின் இதய உறையில் தைத்தது,
ஓசை எழுப்பாது.
காது கொடுத்துப் பயனில்லை.

கேட்டிருக்கலாம்.
கேட்டிருந்தால் மூன்று பத்துக்கு நான் எழுதிய வரியையும்
சொல்ல வேண்டியிருந்திருக்கும்.
என் நிறுத்தம் வந்தது.
கதவு திறந்து, வழக்கத்தைவிடச் சற்று நேரம்
திறந்தே இருந்தது.
இறங்கிவிட்டேன்.